அப்பா ஊற்றிய சிமெண்டு

காலை ஆறே முக்காலுக்குப் பாட்டுக்கும் செய்திக்கும் நடுவில் எனக்கு நான்கு நிமிடம் கிடைக்கும். அந்த நான்கு நிமிடத்தில்தான் தண்ணீர் குடிப்பேன், அடுத்து வரும் நேயரின் பெயரைப் பார்ப்பேன், கைப்பேசியை ஒருமுறை எட்டிப் பார்ப்பேன். போன நவம்பரில் ஒருநாள் அந்த இடைவெளியில் பார்த்தபோது அம்மாவிடமிருந்து ஏழு அழைப்புகள். அம்மாவை ஊரில் தனியாக விட்டுவிட்டுத் தலைநகரில் வேலை பார்க்கும் எல்லாருக்கும் தெரியும், ஏழு அழைப்பு என்றால் வயிறு என்ன பாடுபடும் என்று.

"என்னம்மா, என்ன ஆச்சு?"

"ஒன்னும் ஆகல பாப்பா. லோங்காங் தண்ணி வாசப்படி ஏறிடுச்சு. முன்னாடி நிக்கிற ஆங்சானா மரமும் ஒரு மாதிரியா சாயுது. நீ இப்ப ரேடியோவுலதானே இருக்க? சொல்லி வையேன்."

ரேடியோவில் சொன்னால் நடந்துவிடும் என்பது அம்மாவின் நம்பிக்கை. அம்மாவின் நம்பிக்கை மட்டுமல்ல. "உங்கள் வட்டாரத்தில் என்ன பிரச்சனை?" என்று நிகழ்ச்சியில் ஒருநாள் கேட்டுப் பாருங்கள். விலைவாசி, பள்ளிக்கூடம், வேலை என்று பேச ஆள் வருவார்கள் என்று நினைப்போம். வருவது பாதிக்கு மேல் மரமும் லோங்காங்கும்தான். மரம் சாய்கிறது, மரத்தை வெட்டிவிட்டார்கள், கான் அடைத்துவிட்டது, கொசு, பாம்பு, நாற்றம். எல்லா அழைப்பும் ஒரே வாக்கியத்தில் முடியும்: "எத்தனையோ வாட்டி கம்ப்ளேன் பண்ணிட்டோம்ங்க, யாரும் வரல."

எங்கள் வீடு கோலசிலாங்கூர் மாவட்டத்தில் ஒரு பழைய தாமானில் இருக்கிறது. பெயர் வேண்டாம். தோட்டத்து லயத்தை விட்டு வெளியே வந்த குடும்பங்கள் சேமநிதிப் பணத்தைப் போட்டு வாங்கிய, வரிசை வரிசையான ஒரு மாடி வீடுகள். அப்படிப்பட்ட தாமான்கள் ஈஜோக்கிலும் புக்கிட் ரோத்தானிலும் பெஸ்தாரி ஜெயாவிலும் நிறைய உண்டு. (பெஸ்தாரி ஜெயா என்றால் அம்மாவுக்குப் புரியாது. அவருக்கு அது இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான். பெயர் மாறி இருபது ஆண்டை நெருங்குகிறது.)

அன்று வேலை முடிந்ததும் ஸ்டூடியோ வாசலிலேயே உட்கார்ந்து புகார் எழுதினேன். இணையத்தில், முழுக் கோபத்தில், மூன்று பத்தி. மரம் விழப் போகிறது, கான் அடைத்திருக்கிறது, வயதானவர் தனியாக இருக்கிறார், வரி கட்டுகிறோம், பொறுப்பு வேண்டாமா. மீடியா படித்தவள் அல்லவா, கடைசி வரியில் ஒரு குத்தலும் வைத்தேன். புகார் எண் வந்தது. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் ஒரே ஒரு சொல்: செலெசாய். முடிந்தது.

அம்மாவைக் கூப்பிட்டேன். "யாராச்சும் வந்தாங்களாம்மா?" யாரும் வரவில்லை. நேற்றும் தண்ணீர் ஏறியதாம்.

எனக்கு வந்த கோபத்தில் மறுநாளே நிகழ்ச்சியில் பெயர் சொல்லிக் கிழித்திருப்பேன். எங்கள் தயாரிப்பாளர் அண்ணன் பழைய ஆள். அவர்தான் நிறுத்தினார். "முதல்ல அந்த மரம் யாரோட மரம்னு பார்த்தியா?" என்று கேட்டார்.

யாருடைய மரமா? மரம் எங்கள் வீட்டுக்கு எதிரே நிற்கிறது. இதற்கு மேல் என்ன பார்ப்பது?

பார்க்க நிறையவே இருந்தது. அதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன். எனக்கு முப்பத்து நான்கு வயதாகிறது, பத்து ஆண்டுகளாக மைக் முன்னால் உட்கார்ந்து மற்றவர்களின் புகாரைக் கேட்கிறேன். ஒரு லோங்காங்கில் ஓடும் தண்ணீர் எத்தனை கைமாறிக் கடலுக்குப் போகிறது என்று ஒருநாளும் யோசித்ததில்லை.

வீட்டு வேலிக்குள், சுவரை ஒட்டி ஓடும் சின்னக் கான் நம்முடையது. அதைச் சுத்தம் செய்ய யாரும் வரமாட்டார்கள். வேலிக்கு வெளியே தாமான் சாலையின் ஓரம் ஓடுவது ஊராட்சி மன்றத்தின் பொறுப்பு. அதுவும் வீடு கட்டிய மேம்பாட்டாளர் சாலையையும் கானையும் முறைப்படி ஒப்படைத்திருந்தால்தான். ஒப்படைக்காத தாமான்கள் நாட்டில் உண்டு. அங்கே வாழ்பவர்கள் பாவம், இரண்டு பக்கமும் கை விரிப்பார்கள். தாமான் கான் போய்ச் சேரும் பெரிய பாரிட்டும் ஆறும் வடிகால் நீர்ப்பாசன இலாகாவின் கையில். நாம் ஜேபிஎஸ் என்று சொல்வது அதைத்தான், 1932-இல் தொடங்கிய இலாகா. கிள்ளானிலிருந்து கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங் வழியாகச் சபாக் பெர்ணம் போகும் 5ஆம் எண் சாலை கூட்டரசுச் சாலை. அதன் ஓரத்து மரமும் கானும் பொதுப்பணி இலாகாவின் கணக்கு. கிளை மின்கம்பியில் உரசினால் தெனாகா நேஷனல், அதற்கு 15454. மரம் பக்கத்து வீட்டுக்காரர் நிலத்தில் நின்றால் அவர் பொறுப்பு.

ஆக, கோலசிலாங்கூர் நகராண்மைக் கழகம் என்று ஒரே பெயரைச் சொல்லி நாம் திட்டும்போது, ஐந்தாறு பேருக்குப் போக வேண்டிய திட்டை ஒருவரே வாங்கிக்கொள்கிறார். அந்த நகராண்மைக் கழகமே 2021 வரை மாவட்ட மன்றமாகத்தான் இருந்தது. ஊலு சிலாங்கூரும் அதே ஆண்டுதான் நகராண்மைக் கழகம் ஆனது. வடக்கே சபாக் பெர்ணம் இன்னும் மாவட்ட மன்றம். பலகையில் பெயர் உயர்ந்துவிட்டது. ஆனால் அதன் கீழே இருப்பது கம்பங்கள், சீனர் புதுக்கிராமங்கள், தாமான்கள், மீன்பிடிக் கரைகள், நடுநடுவே கண்ணுக்கெட்டிய தூரம் செம்பனை என்று பரந்து கிடக்கும் ஒரு நாட்டுப்புறம். பெட்டாலிங் ஜெயாவைப் போலக் கைக்குள் அடங்கும் ஊர் இல்லை.

பொறுப்பு இப்படிச் சிதறிக் கிடப்பது நம் ஊர் நோய் மட்டும் என்று நினைத்தால், சிங்கப்பூரைப் பாருங்கள். 2014 ஆகஸ்டில் அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் தேசிய தினப் பேருரையில் ஒரு மீன் உருண்டைக் குச்சியின் கதையைச் சொன்னார். புக்கிட் கொம்பாக் ரயில் நிலையத்துக்குப் பக்கத்து நடைபாதையில் யாரோ தின்றுவிட்டுப் போட்ட குச்சி. ஒரு பக்கம் பூங்கா, அது ஒரு வாரியத்துடையது. நடுவில் சரிவு, அது நில ஆணையத்துடையது. சாலையோர நடைபாதை போக்குவரத்து ஆணையத்துடையது. மூவருக்கும் தனித்தனித் துப்புரவாளர்கள், தனித்தனி நாள். குச்சி கிடந்த இடத்திலேயே கிடந்தது. இதை ஒரு பிரதமர் நாட்டு மக்கள் முன்னால் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. எந்தப் புகார் வந்தாலும் இது யாருடையது என்று அரசாங்கமே கண்டுபிடிக்கட்டும், பொதுமக்கள் ஏன் கண்டுபிடிக்க வேண்டும் என்று அதே ஆண்டு நகராட்சிச் சேவைகளுக்கென ஓர் அலுவலகம் தொடங்கினார்கள். அடுத்த ஆண்டு ஒன்சர்வீஸ் செயலி வந்தது. படம் எடுத்து அனுப்பினால் போதும், அது தானே உரிய இடத்துக்குப் போகும்.

நம்மிடம் சிஸ்பா இருக்கிறது. பொதுப் புகார்களுக்கான அரசாங்க முறை, பல இலாகாக்களும் ஊராட்சி மன்றங்களும் அதைப் பயன்படுத்துகின்றன. புகார் எண் கிடைக்கும், நிலவரத்தைப் பார்க்கலாம். குறை சொல்ல மாட்டேன், மனுவைத் தூக்கிக்கொண்டு முகப்புக்கு முகப்பு அலைந்த என் அப்பாவின் காலத்தை நினைத்தால் இது சொர்க்கம். ஆனால் ஒரு சின்ன விஷயம் தெரிந்திருக்க வேண்டும். வாடிக்கையாளர் சாசனத்தில் இத்தனை நாள் என்று எழுதியிருப்பது பெரும்பாலும் பதில் சொல்வதற்கான கெடு. புகார்க் கணக்கில் முடிவது புகார், லோங்காங் அல்ல.

என் புகார் ஏன் செலெசாய் ஆனது என்று தொலைபேசியில் கேட்டேன். எதிர்முனையில் இருந்த பெண் பொறுமையாகச் சொன்னார். நான் ஒரே மனுவில் மரத்தையும் கானையும் சேர்த்து எழுதியிருந்தேன். தலைப்பில் மரம். மரம் நிற்கும் இடம் மாநிலச் சாலையின் ஓரம், அவர்கள் வரம்பில் இல்லை என்று புகார் மூடப்பட்டது. மூன்றாவது பத்தியில் இருந்த கான் மரத்தோடு சேர்ந்து மூழ்கிவிட்டது. "அடுத்த முறை தனித்தனியா எழுதுங்க கக். வீட்டு எண், சாலைப் பெயர், விளக்குக் கம்பத்து எண், தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு ஒரு படம். அது போதும்."

மூன்று பத்தியில் நான் எழுதியதில் இந்த நான்கும் இல்லை. கோபம் மட்டும் இருந்தது.

மரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். புகார் இரண்டு வகை. வெட்டுங்கள் என்பவர்கள், ஏன் வெட்டினீர்கள் என்பவர்கள். ஒரே சாலையில் எதிரெதிர் வீட்டில் இருப்பார்கள். இலை கொட்டுகிறது, பறவை எச்சம் காடியில் விழுகிறது என்பதற்கெல்லாம் மரத்தை வெட்டமாட்டார்கள், வெட்டவும் கூடாது. 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தில் பின்னர் சேர்த்த ஒரு பகுதி, அடிமரச் சுற்றளவு 0.8 மீட்டருக்கு மேலிருக்கும் மரத்தை எழுத்துமூல அனுமதி இல்லாமல் வெட்டக்கூடாது என்கிறது. உங்கள் சொந்த நிலத்து மரமாக இருந்தாலும்தான். பட்டுப்போன மரம், உடனடி ஆபத்து உள்ள மரம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. 0.8 மீட்டர் என்பது பெரிதல்ல. ஒரு சேலைத் தலைப்பை எடுத்துச் சுற்றிப் பாருங்கள், கொல்லையில் நிற்கும் மாமரமே தாண்டிவிடும்.

அதே நேரம் பயமும் நியாயமானது. 2024 மே 7ஆம் தேதி கோலாலம்பூர் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் ஒரு பெரிய மரம் பட்டப்பகலில் சாய்ந்து, காடிகள் நசுங்கி, ஒருவர் உயிர் போனதை எல்லாரும் பார்த்தோம். அன்று ஸ்டூடியோவுக்கு வந்த அழைப்புகளை மறக்க முடியாது. அதற்குப் பிறகு ஒவ்வொருவருக்கும் தன் வீட்டு வாசல் மரம் எமனாகத் தெரிந்தது. ஆனால் பெரிய மரம் என்பதால் மட்டும் மரம் விழுவதில்லை. வேர் போக இடமில்லாமல் சுற்றிலும் சிமெண்டு போட்டு இறுக்கியது, கான் தோண்டும்போது ஒரு பக்க வேரை வெட்டியது, உள்ளே பூஞ்சை அரித்தது, இவைதான் விழவைக்கும். அப்புறம் நமக்குப் பிடித்த ஒரு வைத்தியம் இருக்கிறதே, உச்சியை மொட்டையடித்து விடுவது! அதைவிட மோசம் வேறில்லை. மொட்டையடித்த இடத்தில் முளைக்கும் புதுக் கிளைகள் தோலோடு ஒட்டிக்கொண்டு வளரும், உள்மரத்தோடு பிடிப்பு இருக்காது. ஐந்தாறு வருடம் கழித்து அவைதான் காற்றில் முறிந்து விழும். ஆகவே "மரம் பெரிதாக இருக்கிறது" என்று எழுதாதீர்கள். அடிமரத்தில் வெடிப்பு இருக்கிறதா, வேர்ப்பக்கம் மண் புடைத்திருக்கிறதா, காளான் முளைத்திருக்கிறதா, போன மாதத்தைவிடச் சாய்ந்திருக்கிறதா, இதை எழுதுங்கள். படித்தவுடன் ஆள் அனுப்ப வேண்டிய புகார் எது என்று அவர்களுக்குத் தெரியும்.

எங்கள் மாவட்டத்துக்கு மரம்தான் சோறு போடுகிறது என்பதையும் சொல்லவேண்டும். கம்போங் குவாந்தானில் இரவு படகேறி மின்மினி பார்க்க வருகிறார்களே, அந்த மின்மினிகள் சிலாங்கூர் ஆற்றங்கரைப் பெரெம்பாங் மரங்களில்தான் கூடி மின்னும். கரை மரத்தை வழித்தால் மின்மினி இல்லை, மின்மினி இல்லை என்றால் படகு இல்லை. புக்கிட் மெலாவத்தி மேலே நிற்கும் தூங்குமூஞ்சி மரங்களின் நிழலில் குரங்குகளுக்குக் கச்சான் கொடுக்காமல் வளர்ந்த பிள்ளை எங்கள் பக்கத்தில் உண்டா? (கொடுக்கக் கூடாது. இப்போது தெரிகிறது.)

சரி, லோங்காங்குக்கு வருவோம். கோலசிலாங்கூரின் கரையோரம் தட்டையான நிலம். பல இடங்களில் முன்பு சதுப்பு. ஆற்று முகத்துவாரத்தில் கடல் ஏறி இறங்கும். கிள்ளான் துறைமுகத்து அலை அட்டவணையில் பெரிய அலை நாள்களில் 5 மீட்டருக்கு மேல் போட்டிருப்பார்கள். கடல் உயர்ந்திருக்கும் நேரம் நீர்மதகுகளை மூடிவிடுவார்கள், இல்லையென்றால் உப்புத் தண்ணீர் உள்ளே வந்துவிடும். அந்த நேரம் பார்த்து மழை கொட்டினால் கான் தண்ணீருக்குப் போக வழியில்லை. கடல் இறங்கும் வரை அது காத்திருக்கும், நம் வாசலில். இதை நம் கானில் மண்வெட்டி போட்டுத் தீர்க்க முடியாது. கான் எப்போது நிரம்பியது, மழை நின்று எத்தனை மணி நேரத்தில் வடிந்தது என்று எழுதினால், கோளாறு கானிலா மதகிலா என்பது பாதி தெரிந்துவிடும். அம்மாவிடம் கேட்டேன். "மழை விட்டும் மூணு நாளு நிக்குது," என்றார். அப்படியானால் கடல் காரணமில்லை. கடல் நாளுக்கு இரண்டு முறை இறங்குகிறது.

வடிகால் புகார் சில்லறை விஷயம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு பழைய நாளை நினைவூட்டுகிறேன். 1993 டிசம்பர் 11. உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு புளோக் சரிந்து 48 பேர் இறந்தார்கள். நான் அப்போது சின்னக் குழந்தை. ஆனால் எங்கள் வீட்டில் இன்றும் மழை பலமாகப் பெய்தால் அந்தப் பெயரைச் சொல்வார்கள். மேட்டிலிருந்து வந்த தண்ணீருக்குச் சரியான வடிகால் இல்லாமல் மண் சரிந்ததுதான் காரணங்களில் முக்கியமானது. மற்ற இரண்டு புளோக்குகளில் இருந்தவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். 2000-இல் உயர்நீதிமன்றம் ஊராட்சி மன்றத்துக்கும் பொறுப்பில் ஒரு பங்கு உண்டு என்றது. 2006-இல் கூட்டரசு நீதிமன்றம், 1974ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டத்தின் 95ஆவது பிரிவு ஊராட்சி மன்றத்துக்குப் பாதுகாப்பு தருகிறது என்று தீர்ப்பளித்தது. சட்டம் தெரிந்தவர்கள் இதைப் பல விதமாகப் பேசுவார்கள். எனக்குப் புரிந்தது இவ்வளவுதான்: தண்ணீர் வந்த பிறகு நீதிமன்றம் போய்ப் பெரிய பயன் இல்லை. தண்ணீர் வருவதற்கு முன்னால் தேதியோடு, எண்ணோடு, எழுத்தில் சொல்லி வைப்பதுதான் நம் கையில் இருப்பது.

இதை ஒருநாள் நிகழ்ச்சியில் சொன்னபோது தோட்டத்திலிருந்து ஓர் ஐயா அழைத்தார். "நீங்க சொல்றதெல்லாம் தாமான்காரங்களுக்கும்மா. எங்க லயத்துக் கான் அடைச்சிருக்கு. டவுன்ல போய் கேட்டா தோட்டம் தனியார் நிலம்ங்கிறாங்க. ஆபீசுல கேட்டா கிராணி பார்க்கலாம்ங்கிறாரு. நாங்க யாருக்கிட்ட சொல்றது?"

நேரலையில் எனக்குப் பதில் தெரியவில்லை. பாட்டுப் போட்டுவிட்டேன். அந்த வெட்கம் இன்னும் இருக்கிறது, ஆகவே ஐயா, இப்போது சொல்கிறேன். 1990ஆம் ஆண்டு தொழிலாளர் வீடமைப்பு, அடிப்படை வசதிக் குறைந்தபட்சத் தரச் சட்டம், எண் 446. தோட்டக் குடியிருப்பையும் அதைச் சுற்றியுள்ள கானையும் நல்ல நிலையில் வைத்திருப்பது முதலாளியின் கடமை என்கிறது அது. அதைக் கண்காணிப்பது தொழிலாளர் இலாகா. ஊராட்சி மன்றத்தின் கதவைத் தட்டாதீர்கள், தொழிலாளர் இலாகாவின் கதவைத் தட்டுங்கள்.

நம் தோட்டங்களில் கான் என்பது எத்தனை பெரிய சங்கதி தெரியுமா? 1901 வாக்கில் கிள்ளானில் மலேரியாவில் கொத்துக் கொத்தாக மக்கள் செத்துக்கொண்டிருந்தபோது, மால்கம் வாட்சன் என்ற மாவட்ட மருத்துவர் சதுப்பை வடியவைத்துக் கான் வெட்டித்தான் நோயை அடக்கிக் காட்டினார். பிறகு தோட்டங்களுக்கும் அந்த முறை பரவியது. வெட்டியது யார்? நம் தாத்தாக்கள். பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கத்துத் தென்னமரம் தோட்டத்தில் 1917-இல் நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். நட்ட துரையின் பெயர் ஆன்ரி போக்கோன்னியே, பிரெஞ்சுக்காரர், பிறகு மலாயாவை வைத்து நாவல் எழுதி 1930-இல் அவர் நாட்டின் பெரிய பரிசை வாங்கினார். மரத்துக்கும் நாவலுக்கும் பெயர் இருக்கிறது. செம்பனை நிற்பதற்குக் கான் வெட்டிய கைகளுக்குப் பெயர் இல்லை. மேரி, நைகல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மிஞ்ஞாக் என்று ஐந்து தோட்டத்து மக்கள் வீட்டுக்காகக் காத்த கதை இன்னொரு வாரத்துக்கு உரியது, இங்கே தொட்டால் முடியாது.

இன்னொன்றும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் ஊராட்சி மன்ற உறுப்பினரை நாம் தேர்ந்தெடுப்பதில்லை, மாநில அரசு நியமிக்கிறது. ஒரு மன்றத்துக்கு எட்டிலிருந்து இருபத்து நான்கு பேர் வரை. ஒரு காலத்தில் தேர்தல் இருந்தது. இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி 1965-இல் நிறுத்தினார்கள். அதே ஆண்டு ஊராட்சி மன்றங்களின் நிலையை ஆராய அரச விசாரணை ஆணையம் அமைந்தது. அதற்குத் தலைவர் ஒரு தமிழர், செனட்டர் ஆதி நாகப்பன். ஜான்சி ராணிப் படையில் இருந்த ஜானகி அம்மையாரின் கணவர் என்றால் பலருக்குச் சட்டென்று விளங்கும். தேர்தல் வேண்டும் என்று 1968-இல் முடிந்த அந்த அறிக்கை பரிந்துரைத்தது. 1971-இல்தான் வெளியிட்டார்கள், ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டுச் சட்டம் நியமனத்தையே நிலையாக்கிவிட்டது. ஓட்டுக்குப் பயப்பட வேண்டிய ஆள் ஒருவர் இருந்திருந்தால் லோங்காங் கொஞ்சம் வேகமாக ஓடியிருக்கும் என்பது என் எண்ணம். தப்பென்றால் எழுதுங்கள். அதுவரை உங்கள் வட்டாரத்து நியமன உறுப்பினர் யார் என்றாவது தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். எனக்கே டிசம்பரில்தான் தெரிந்தது.

இரண்டாவது முறை இரண்டு புகார்களாக எழுதினேன். மரத்துக்கு ஒன்று, அதை உரிய இடத்துக்கு. கானுக்கு ஒன்று, வீட்டு எண்ணோடு, படத்தோடு. ஒன்பதாவது நாள் கானைப் பார்க்க மூன்று பேர் வந்தார்கள். அது சனிக்கிழமைக்கு முந்தைய நாள், நான் விடுப்பில் ஊரில் இருந்தேன். மேற்பார்வையாளர் சாலை முனையிலிருந்து கானைப் பார்த்துக்கொண்டே நடந்து வந்தார். எங்கள் வீட்டு வாசலில் நின்றார்.

எங்கள் வாசலில் கான் தெரியாது. 2009-இல் அப்பா முதல் காடி வாங்கியபோது, போர்ச்சை முன்னால் இழுத்து, கானுக்கு மேலே வீட்டின் அகலத்துக்கும் சிமெண்டு ஊற்றி மூடிவிட்டார். பத்து நாள் வேலை, நானும் தம்பியும் மணல் சலித்தோம். ஈரம் காய்வதற்கு முன் ஆணியால் ஓரத்தில் தேதியும் எங்கள் இரண்டு பேரின் பெயரும் எழுதினார். அதன் மேல்தான் அம்மாவின் பூந்தொட்டிகள் இருக்கின்றன. அதன் மேல்தான் 2019-இல் அப்பாவைக் கிடத்தினோம்.

மேற்பார்வையாளர் கடப்பாரையால் தட்டிப் பார்த்தார். "இந்த சிமெண்டு யார் போட்டது?" என்று மலாயில் கேட்டார்.

"சுவாமி சாயா," என்றார் அம்மா.

கானின் மறுமுனையில் கைவிளக்கை அடித்து என்னைக் குனிந்து பார்க்கச் சொன்னார். உள்ளே முக்கால் உயரத்துக்குச் சேறு. நடுவே கயிறு கயிறாக ஆங்சானா வேர். பதினைந்து ஆண்டுகளாக யாராலும் உள்ளே மண்வெட்டி விட முடியவில்லை. துப்புரவாளர்கள் எங்கள் வீட்டுக்கு முன்னால் வரை சுத்தம் செய்து, எங்கள் வீட்டைத் தாண்டி மறுபடி தொடங்கியிருக்கிறார்கள். சாலையோரத் திறந்த கானை அனுமதியில்லாமல் மூடுவது குற்றம், அதே 1974ஆம் ஆண்டுச் சட்டத்தின் 46ஆவது பிரிவு. அவர் அதைச் சொல்லவில்லை. நான் பிறகு படித்துத் தெரிந்துகொண்டது.

தண்ணீர் வரும் பக்கத்தில், எங்களுக்கு மேலே இருப்பது ஒரு மாச்சிக்கின் வீடு. அவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மழைக்காலத்தில் எங்களுக்கு முன்னால் அவர் வீட்டு வாசலில்தான் தண்ணீர் ஏறுமாம். எத்தனை வருடமாக என்று கேட்டேன். "லாமா சுடா," என்றார். ரொம்ப நாளாக. ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "உன் அப்பா உடம்பு முடியாமல் இருந்தார், அப்புறம் போய்விட்டார். எப்படிச் சொல்வது?" என்றார்.

ரேடியோவில் பெயர் சொல்லிக் கிழிக்க இருந்தவள் நான். அன்று என்னிடம் ஒரு சொல்லும் இல்லை.

உடைக்கலாமா என்று மேற்பார்வையாளர் அம்மாவைத்தான் கேட்டார், என்னைக் கேட்கவில்லை. அம்மா கொஞ்ச நேரம் தொட்டிகளைப் பார்த்தார். பிறகு உள்ளே போய்விட்டார். வேண்டாம் என்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன். துடைப்பத்தோடு வந்து, ஒவ்வொரு தொட்டியாக நகர்த்தச் சொல்லி, சிமெண்டின் மேல் இருந்த இலையைக் கூட்டி அள்ளினார். உடைக்கப்போகிற தளத்தை எதற்குக் கூட்ட வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை.

காடி ஏற மட்டும் இடம் விட்டு, அங்கே தூக்கக்கூடிய இரும்புச் சட்டம் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். அந்தச் செலவு எங்களுடையது. சேறு மூன்று லாரி போனது. ஆங்சானாவை வெட்டவில்லை, ஜனவரியில் வேறு இலாகாவிலிருந்து வந்து காய்ந்த கிளைகளை மட்டும் கழித்துவிட்டுப் போனார்கள். மரம் சாயவில்லையாம், பிறந்ததிலிருந்தே அப்படித்தான் நிற்கிறதாம். தேதி இருந்த சிமெண்டுத் துண்டு துளசி மாடத்துக்குப் பக்கத்தில் சாத்தியிருக்கிறது. என் பெயர் பாதிதான் மிஞ்சியது, தம்பி பெயர் முழுசாக இருக்கிறது. அவனுக்கு அதில் ஒரு பெருமை.

போன வாரம் காலை ஆறே முக்காலுக்கு அம்மாவிடமிருந்து மறுபடி அழைப்பு. ஒன்றுதான், ஏழு அல்ல.

"பாப்பா, முக்குல இருக்கிற விளக்கு எரியல. கம்பத்து நம்பர் எழுதி வச்சிருக்கேன், எழுதிக்கோ. தெனாகாவா, மஜ்லிஸாவான்னு நீயே கேட்டுச் சொல்லு. மாச்சிக்கும் கேக்கச் சொன்னாங்க."